கடையின் வரி விகிதம் யாருடைய செட்டிங்?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் இருக்கும் மளிகைக் கடை அது. முன்பக்கம் சில்லறை வியாபாரம், பின்பக்கம் உணவகங்களுக்கு மொத்த விநியோகம். மூன்று கல்லா. மூன்றிலும் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தில் எழுதிய ஒரு பில்லிங் மென்பொருள் ஓடுகிறது. பில்களும் சரக்குக் கணக்கும் பின்னறைக் கணினியில் உள்ள தரவுத்தளத்தில் சேரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிகிறது என்பதால், முதலாளி அந்த மாதத் தொடக்கத்திலேயே இரண்டாம், மூன்றாம் கல்லாக்களுக்குப் புதுக் கணினி வாங்கினார். ஒன்றாம் கல்லாவின் கணினி விண்டோஸ் 11ஐத் தாங்கும் என்பதால் அதை மட்டும் அப்படியே மேம்படுத்தினார்கள். தீபாவளி அக்டோபர் 20. கடையில் நிற்க இடமில்லாத வாரங்கள் அவை.

தீபாவளி முடிந்தபின், அங்கே சரக்கு எடுக்கும் உணவகம் ஒன்றின் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். 1,090 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலைப்பட்டியலில் பொருள் சேவை வரி 71 வெள்ளி 31 காசு என்று அச்சாகியிருக்கிறது, 90 வெள்ளி அல்லவா வர வேண்டும் என்று கேட்டார். கணக்குப் போட்டால் அது 7 விழுக்காடு. 2007 ஜூலையிலிருந்து 2022 முடியும்வரை நடப்பில் இருந்த விகிதம். 2023 ஜனவரி 1 முதல் 8 விழுக்காடு, 2024 ஜனவரி 1 முதல் 9.

"தம்பி, ஒன்னாம் கல்லாவுல ஒன்பது வருது, மத்த ரெண்டுல ஏழு வருது. ஒரே சாஃப்ட்வேர்தானே?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். மென்பொருளை எழுதியவர் வேறொருவர். மூல நிரல் கடையிடம் இருந்தது, அதனால் உள்ளே இறங்கிப் பார்க்க முடிந்தது. அவர் கவனமாக எழுதுபவர் என்பது படித்தாலே தெரிகிறது. அப்படிப்பட்ட நிரலிலும் இது நடந்தது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

சத்தம் போடாத செட்டிங்

முதலில் எனக்கு விளங்க வேண்டியிருந்தது, இத்தனை நாள் இது யார் கண்ணிலும் படாமல் போனது எப்படி என்பது. சிங்கப்பூரில் கடை அலமாரியில் எழுதும் விலை வரியையும் சேர்த்த விலையாக இருக்க வேண்டும். பருப்பு 5 வெள்ளி 45 காசு என்றால் வாடிக்கையாளர் கொடுப்பது அதுதான். வரி விகிதம் 7 ஆனாலும் 9 ஆனாலும் மொத்தத் தொகை மாறாது; அதற்குள் வரி எவ்வளவு என்ற பிரிப்பு மட்டும் மாறும். சில்லறை வாடிக்கையாளர் அந்தப் பிரிப்பைப் படிப்பதில்லை. அந்த வரியைத் திரும்பப் பெறுகிற, ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த உணவகக் கணக்காளர்தான் படிப்பார். மொத்தம் 1,000 வெள்ளியைத் தாண்டினால் முழு வரி விலைப்பட்டியல் வேண்டும், அதில் விகிதமும் வரித் தொகையும் இருந்தாக வேண்டும். அங்கேதான் வெளிப்பட்டது.

ஒரு சின்ன அறிகுறி முன்பே வந்திருந்தது. இரண்டாம் கல்லாவில் ரொக்க பில்கள் 23 வெள்ளி 43 காசு, 8 வெள்ளி 12 காசு என்று முடிந்தன. 1 காசு நாணயத்தை 2002 முதல் புதிதாக வெளியிடுவதில்லை. ரொக்கத் தொகையை 5 காசின் மடங்குக்கு முழுமைப்படுத்துவதுதான் கடைகளின் வழக்கம். அந்த முழுமைப்படுத்தலும் ஒரு செட்டிங். அதுவும் அணைந்து கிடந்தது. கல்லாவில் இருந்த தம்பி மனக்கணக்கில் குறைத்து வாங்கிக்கொண்டார். கூட்டம் நிற்கும்போது வேறென்ன செய்வார்?

ஆனால் பில் அச்சிடும் பிரின்டர் மாறியிருந்தால் அந்த நிமிடமே எல்லாருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் வேலை நின்றுவிடும். தொலைந்தால் வேலையை நிறுத்தும் செட்டிங், தொலைந்தாலும் வேலை நடக்கும் செட்டிங் என்று இரண்டு வகை உண்டு. இரண்டாம் வகைதான் ஆபத்து. இந்த மென்பொருளில் இரண்டும் ஒரே கோப்பில் இருந்தன.

இரண்டாம் கல்லா: நிறுவியவரின் கணக்கு

டாட்நெட்டில் பயனர் செட்டிங்ஸ் என்று ஒரு வசதி தயாராகவே கிடைக்கிறது. பெயர், வகை, ஓர் இயல்பு மதிப்பு (யாரும் எதுவும் போடாதபோது நிரல் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) கொடுத்துவிட்டு, சேவ் என்று ஒரு வரி எழுதினால் போதும். யூசர்.கான்ஃபிக் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு தானாக உருவாகும். அது இருக்கும் இடம்தான் கவனிக்க வேண்டியது: விண்டோஸ் பயனர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறை, அதற்குள் லோக்கல், அதற்குள் நிறுவனத்தின் பெயர், அதற்குள் நிரலின் பெயரோடு ஒரு நீண்ட குறியீடு, அதற்குள் பதிப்பு எண், அதற்குள் கோப்பு. அதாவது அது விண்டோஸில் நுழைந்திருக்கும் ஆளுக்குச் சொந்தமானது. கணினிக்கோ கடைக்கோ சொந்தமானதல்ல.

பழைய கணினிகளில் எல்லாரும் ஒரே விண்டோஸ் கணக்கில்தான் வேலை செய்தார்கள். அதனால் இந்த வித்தியாசம் வெளியே தெரியவே இல்லை. புதுக் கணினிகளை விற்றவர், இரண்டாம் கல்லாவில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு திறந்து கொடுத்தார். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து மென்பொருளை நிறுவினார், பிரின்டரைத் தேர்ந்தெடுத்தார், வரி 9 என்று போட்டார், ஒரு சோதனை பில் அடித்து முதலாளியிடம் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது, அந்தக் கணக்கில் மட்டும். மறுநாள் காலை ஊழியர் தன் கணக்கில் நுழைந்ததும் நிரலுக்கு அது புத்தம் புதிய ஆள். யூசர்.கான்ஃபிக் இல்லை, ஆகவே இயல்பு மதிப்புகள். வரி விகிதத்தின் இயல்பு மதிப்பு 7, ஏனென்றால் நிரல் எழுதிய காலத்தில் அதுதான் சட்டம்.

பிரின்டர் வேலை செய்யவில்லை என்று ஊழியர் உடனே சொன்னார். அதைச் சரிசெய்தார்கள். வேறு எதுவும் சத்தம் போடவில்லை.

மூன்றாம் கல்லா: பூஜ்யங்கள் நிறைந்த கோப்பு

மூன்றாம் கல்லாவில் விண்டோஸ் கணக்கு ஒன்றுதான். அங்கே முதல் சில நாள் 9 விழுக்காடுதான் அச்சானது என்பது தரவுத்தளத்தில் தெரிந்தது. திடீரென்று ஒரு காலையிலிருந்து 7. அந்தக் கல்லாவில் இருந்தவரிடம் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அன்னைக்குக் காலையில சிஸ்டம் திறக்கவே இல்லண்ணே. ஏதோ கான்ஃபிகரேஷன்னு எரர். ஃபோன் போட்டுக் கேட்டோம், ஒரு ஃபோல்டரை அழிக்கச் சொன்னாங்க. அழிச்சோம், திறந்துருச்சு."

அழித்தது குப்பைத் தொட்டியிலேயே இருந்தது. அந்த யூசர்.கான்ஃபிக்கைத் திறந்து பார்த்தால் அளவு சரியாக இருக்கிறது, உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. முதலிலிருந்து கடைசிவரை பூஜ்ய பைட்டுகள்.

இப்படி ஆவதற்குக் காரணம் தெளிவானது. நிரல் ஒரு கோப்பை எழுதி முடித்ததாக நினைக்கும்போது, அந்தத் தரவு பெரும்பாலும் நினைவகத்தில்தான் இருக்கும். விண்டோஸ் அதைச் சற்று நேரம் கழித்து வட்டுக்கு அனுப்பும். விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, கோப்பின் பெயர், அளவு போன்ற விவரங்களைத் தன் மாற்றப் பதிவேட்டில் (ஜர்னல்) குறித்துப் பாதுகாக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இடையில் மின்சாரம் போனால், அளவு மட்டும் பதிவாகி, உள்ளடக்கம் வந்து சேராத கோப்பு எஞ்சும்.

கடையில் மின்வெட்டு ஏதும் இல்லை. ஆனால் இரவு கடை மூடும்போது பில்லிங் நிரலை மூடுவார்கள், உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவை இறக்குவார்கள். விண்டோஸை முறையாக நிறுத்துவதில்லை. நிரலோ மூடும் அந்தக் கணத்தில்தான் சேவ் செய்கிறது. தினமும் இரவு, எழுதியதற்கும் மின்சாரம் போவதற்கும் இடையே சில விநாடிகள்தான்.

எதற்காகத் தினமும் எழுதியது என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஜன்னல் திரையில் எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு அகலம் என்பதைக் குறித்துவைக்க. அந்த இரண்டு எண்களுக்காக முழுக் கோப்பும் ஒவ்வொரு இரவும் திரும்ப எழுதப்பட்டது. அதே கோப்பில் வரி விகிதம், முழுமைப்படுத்தல், கடையின் ஜிஎஸ்டி பதிவு எண். தொலைந்தால் யாரும் கவலைப்படாத ஒன்றைச் சேமிக்கப்போய், தொலையக் கூடாததைத் தினமும் பணயம் வைத்திருக்கிறது.

அழிக்கச் சொன்ன ஆலோசனையையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். கூட்டம் நிற்கும்போது கடையைத் திறக்க வேறு வழியில்லை. நிரல்தான் திறந்ததும் "உங்கள் செட்டிங்ஸ் கிடைக்கவில்லை, இவை இயல்பு மதிப்புகள்" என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் முறை திறக்கும் புதுக் கணினிக்கும், எல்லாம் தொலைந்துபோன பழைய கணினிக்கும் அந்த நிரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

தேடும்போது கிடைத்த மற்றவை

இதே முடிவுக்குக் கொண்டுபோகும் இன்னும் இரண்டு வழிகள் நிரலில் காத்திருந்தன. யூசர்.கான்ஃபிக் இருக்கும் பாதையில் அந்த நீண்ட குறியீடு, நிரலில் கையொப்பம் இல்லையென்றால், நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்பதை வைத்து உருவாகிறது. நிரலை வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் குறியீடு மாறும், பழைய செட்டிங்ஸ் கண்ணுக்குத் தெரியாது. பதிப்பு எண் மாறினாலும் புதுக் கோப்புறைதான். பழையதிலிருந்து மதிப்புகளை எடுத்துவர அப்கிரேட் என்ற செயற்கூறை (ஃபங்ஷன்) நிரலே அழைக்க வேண்டும். இதில் அந்த அழைப்பு இல்லை. அடுத்த பதிப்பு நிறுவிய நாளில் ஒன்றாம் கல்லாவும் 7க்குப் போயிருக்கும்.

பில்லின் தலைப்பில் கடைப் பெயர் தமிழில் வர வேண்டும். புதுக் கணினிகளில் அங்கே வரிசையாகக் கேள்விக்குறிகள். வரியோடு சம்பந்தமில்லாத கோளாறு என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும், தமிழில் மென்பொருள் செய்கிற எல்லாரும் ஒரு நாள் இதில் முட்டுவார்கள். தலைப்பு வாசகத்தை நிரலின் அச்சுப் பகுதி ஐஎன்ஐ என்ற பழைய வகை உரைக் கோப்பு ஒன்றில் வைத்திருந்தது. விண்டோஸின் பழைய ஐஎன்ஐ செயற்கூறுகள் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கும்போது அதை யூனிகோடில் எழுதுவதில்லை. கணினியின் ஆன்சி குறியீட்டுப் பக்கத்தில்தான் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) எழுதும், யூனிகோடு செயற்கூறையே அழைத்தாலும்கூட. தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி பக்கம் கிடையாது. ஆகவே ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. கோப்பு ஏற்கனவே யூனிகோடின் யூடிஎஃப் 16 வடிவில், தொடக்கக் குறியோடு இருந்தால் மட்டும் அதே முறையில் எழுதும். ஒன்றாம் கல்லாவில் யாரோ முன்பு அந்தக் கோப்பை நோட்பேடில் யூனிகோடு என்று தேர்ந்தெடுத்துச் சேமித்திருந்தார்கள். அதனால்தான் அங்கே மட்டும் தமிழ் பிழைத்திருந்தது. புதுக் கணினிகளில் நிரலே உருவாக்கிய கோப்பு ஆன்சி.

இன்னொன்று, சுருக்கமாக: மினிமைஸ் செய்த நிலையில் நிரலை மூடினால் ஜன்னலின் இடம் கழித்தல் 32000 என்று பதிவாகிறது. அடுத்த முறை திறக்கும்போது ஜன்னல் திரைக்கு வெளியே போய்விடும், நிரல் திறக்கவில்லை என்றே நினைப்பார்கள். இதற்கும் கோப்புறையை அழிப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த மருந்து. மூடும்போது ஜன்னலின் இயல்பான அளவைத் தரும் ரீஸ்டோர்பவுண்ட்ஸ் பண்பை எடுக்க வேண்டும், திறக்கும்போது அந்த இடம் இப்போதுள்ள திரைகளுக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

செய்த மாற்றங்கள்

எந்தக் கோப்பு வடிவம், எக்ஸ்எம்எல்லா ஜேசனா என்ற பேச்சு எப்போதும் முதலில் வரும். இந்த நிகழ்வில் அது பொருட்டே அல்ல. ஒவ்வொரு செட்டிங்கையும் எடுத்து, இது யாருடையது என்று முதலாளியோடு உட்கார்ந்து கேட்டேன். வரி விகிதம், முழுமைப்படுத்தும் முறை, பதிவு எண், பில் தலைப்பு: கடையுடையவை. பிரின்டர், பணப்பெட்டி இணைந்திருக்கும் போர்ட், பார்கோடு ஸ்கேனர்: அந்தக் கணினியுடையவை. எழுத்தின் அளவு, தமிழா ஆங்கிலமா, ஜன்னல் இடம்: உட்கார்ந்திருக்கும் ஆளுடையவை. அவருக்கு இது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. "கல்லாவுல உக்காற பையன் எதுக்கு வரிய மாத்தணும்?" என்றார்.

கடையுடையவை தரவுத்தளத்துக்குப் போயின. வரி விகிதம் இப்போது ஒரு எண்ணாக இல்லை, தேதியோடு கூடிய வரிசையாக இருக்கிறது: 2007 ஜூலை 1 முதல் 7, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. பில்லின் தேதி எந்த வரிசைக்குள் வருகிறதோ அந்த விகிதம். விகிதம் மறுபடி மாறினால் முன்கூட்டியே ஒரு வரிசை சேர்த்துவிட்டால் போதும், நள்ளிரவில் மூன்று கல்லாவையும் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு பில்லும் தன் விகிதத்தைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. பழைய பில்லுக்குப் பொருள் திரும்பி வந்தால் அந்தப் பழைய விகிதத்தில்தான் கணக்கு நேர் செய்யப்படும்.

அப்புறம், வரி விகிதத்துக்கு இயல்பு மதிப்பை முழுவதுமாக எடுத்துவிட்டேன். தரவுத்தளத்திலிருந்து கிடைக்கவில்லை என்றால் நிரல் பில் போடாது, ஏன் என்று தமிழில் சொல்லும். 7க்குப் பதில் 9 என்று மாற்றிவிட்டால் போதாதா என்று ஊழியர் ஒருவர் கேட்டார். போதாது, அடுத்த மாற்றத்தின்போது அந்த 9 இன்றைய 7 ஆகிவிடும்.

கணினியுடையவை, எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா கோப்புறைக்குப் போயின. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணக் கணக்குகள் அங்கே புதுக் கோப்பு உருவாக்கலாம், மற்றவர் உருவாக்கியதைப் படிக்கலாம். ஆனால் மற்றவர் உருவாக்கியதை மாற்ற முடியாது. காலை ஊழியர் உருவாக்கிய கோப்பில் மாலை ஊழியர் எழுதப்போனால் அனுமதி மறுக்கப்படும். நிறுவும்போதே அந்தக் கோப்புறைக்கு எழுதும் அனுமதியைத் தர வேண்டும். நிரலின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் நிரல்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரணக் கணக்கு எழுத முடியாது. விண்டோஸ் விஸ்டா காலம் முதல், மேனிஃபெஸ்ட் (தனக்கு என்ன அனுமதி வேண்டும் என்று நிரல் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய 32 பிட் நிரல்கள் அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் அதைப் பயனரின் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற தனிக் கோப்புறைக்குத் திருப்பிவிடும். ஆளுக்கொரு நகல், எது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

ஆளுடையவை ஆப்டேட்டாவிலேயே இருக்கின்றன. அதற்காகத்தானே அந்த இடம் இருக்கிறது. மேக்கில் லைப்ரரி கோப்புறையின் பிரிஃபரன்ஸஸ், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் கான்ஃபிக் என்று எல்லாத் தளத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு.

எழுதும் முறையையும் மாற்றினேன். அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பு, அதில் முழுவதும் யூடிஎஃப் 8இல் எழுதுவது, ஃப்ளஷ் செய்து வட்டுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருப்பது, பிறகு ஃபைல்.ரீப்ளேஸ் மூலம் பழையதைக் காப்பு நகலாக வைத்துப் புதியதை இடத்தில் அமர்த்துவது. முதல் முறை பழைய கோப்பு இருக்காது, அப்போது ரீப்ளேஸ் தோற்கும், அங்கே சாதாரண மூவ். ஃப்ளஷ் செய்யும் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெயர் மாற்றுவது மட்டும் போதாது. பெயர் மாறியது பதிவேட்டில் ஏறி, உள்ளடக்கம் வட்டுக்கு வராமல் போனால் அதே பூஜ்யக் கோப்புதான் கிடைக்கும். சேமிக்கும் நேரமும் மாறியது. நிரலை மூடும்போது என்று காத்திராமல், ஒரு செட்டிங் மாறி ஒரு விநாடி அமைதியாக இருந்தால் உடனே எழுதிவிடும். எதுவும் மாறாத நாளில் கோப்பைத் தொடுவதே இல்லை.

படிக்கும்போது மூன்று நிலைகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. கோப்பே இல்லை என்றால் புது ஆள், இயல்பு மதிப்புகளோடு தொடங்கலாம். கோப்பு இருந்தும் படிக்க முடியவில்லை என்றால் காப்பு நகலை எடுக்கும், கெட்ட கோப்பை வேறு பெயரில் ஒதுக்கிவைக்கும், திரையில் சொல்லும். படிக்க முடிந்தது, ஒரு மதிப்பு மட்டும் இல்லை என்றால் அது புதிதாகச் சேர்ந்த செட்டிங், அதற்கு மட்டும் இயல்பு மதிப்பு. முன்பு இந்த மூன்றும் ஒரே வழியில் போய்ச் சேர்ந்தன.

மெய்நிகர் கணினியில் செட்டிங்கை மாற்றி மாற்றிச் சேமிக்கவிட்டு, நடுவில் மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தோம். பழைய முறையில் பூஜ்யக் கோப்பு கிடைத்தது. புது முறையில் பழைய மதிப்போ புதிய மதிப்போ, இரண்டில் ஒன்று முழுதாக இருந்தது.

கணக்கு நேர் செய்தது

மொத்தத் தொகை சரி என்பதால், விகிதம் பிசகியதால் வாடிக்கையாளர் யாரும் கூடவோ குறையவோ கொடுக்கவில்லை. கடை கட்ட வேண்டிய வரி, வாங்கிய தொகையில் 109க்கு 9 பங்கு. பில்லில் என்ன அச்சாகியிருந்தாலும் அது மாறாது. அந்தக் காலாண்டுக்கான கணக்கு இன்னும் தாக்கல் ஆகாமல் இருந்தது நிம்மதி. தரவுத்தளத்தில் வரியும் மொத்தமும் தனித்தனியாக இருந்ததால், விகிதம் பிசகிய பில்களைப் பிரித்தெடுக்க முடிந்தது. உணவகங்களுக்குத் தவறான விலைப்பட்டியலை ரத்து செய்து சரியானதை அனுப்பினார்கள். பழைய நகல்களை அழிக்கவில்லை. ஆவணங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

மாற்றங்களை மென்பொருளை எழுதியவருக்கு அனுப்பிவைத்தேன், அவரும் ஏற்றுக்கொண்டார். வேறு கடைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. புதுப் பதிப்பு வரும்வரை அவர்களுக்குச் சொன்னது இதுதான்: நிர்வாகிக் கணக்கில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஊழியர் ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கில் நுழையச் சொல்லி, 109 வெள்ளிக்கு ஒரு பில் அடித்துப் பாருங்கள். வரி 9 வெள்ளி என்று வர வேண்டும். 7 வெள்ளி 13 காசு என்று வந்தால் அந்தக் கல்லாவை அப்படியே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், எந்தக் கோப்புறையையும் அழிக்காமல்.